மீன்தொட்டியில் பாசி: முதலில் விளக்கைப் பாருங்கள்

மீன்தொட்டி வைத்த முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் நன்றாகத்தான் போகும். கண்ணாடி பளபளவென்று இருக்கும், கல்லும் மணலும் வாங்கிய நிறத்திலேயே இருக்கும். அப்புறம் ஒருநாள் விரலால் கண்ணாடியைத் தடவினால் வழவழவென்று ஏதோ ஒட்டும். துடைத்துவிடுவோம். நான்கு நாளில் திரும்ப வந்து நிற்கும். மறுபடி துடைப்போம். இந்தத் துடைப்பு விளையாட்டில் சலித்துப்போய்த் தொட்டியையே தூக்கிப் பரணில் போட்டவர்கள் நிறையப் பேர். நானும் ஒருமுறை அந்த எல்லை வரை போய் வந்தவன்தான்.

பாசியை அழுக்கு என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அழுக்கென்றால் துடைத்தால் போய்விடும். பாசி உயிருள்ளது. வேர், தண்டு, இலை என்ற வம்பெல்லாம் இல்லாமல், வெளிச்சத்தையும் தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தையும் வைத்துக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்து பிழைக்கிறது. புதிதாக வாங்கிய செடியின் இலையில் ஒட்டிக்கொண்டு வரும், மீன் வந்த பைத் தண்ணீரில் வரும், காற்றில்கூட வரும். அதை உள்ளே விடாமல் தடுக்க வழியே கிடையாது. உள்ளே வந்தது பெருகாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் நம்மால் முடியும். அதற்கு அது எதைத் தின்று வளர்கிறது என்று தெரிய வேண்டும்.

பச்சைத் தண்ணீர் சொல்லிக்கொடுத்தது

என் முதல் தொட்டியில் காலையில் எழுந்ததும் விளக்கைப் போடுவேன், இரவு படுக்கப் போகும்போதுதான் அணைப்பேன். எப்படிப் பார்த்தாலும் 14 மணி நேரம். மீனுக்கு வெளிச்சம் வேண்டாமா என்று நினைப்பு. மூன்றாவது வாரம் தண்ணீர் இளம்பச்சையானது. அடுத்த சில நாளில் தொட்டியின் பின்பக்கம் தெரியவில்லை, முன்கண்ணாடியை ஒட்டி வரும் மீன் மட்டும்தான் தெரிந்தது. ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெள்ளைத் தாளின் முன்னால் வைத்துப் பார்த்தேன். அடியில் எதுவும் படியவில்லை. தண்ணீர் முழுக்க ஒரே சீரான பச்சை.

பாதித் தண்ணீரை மாற்றினேன். அன்று மாலை கொஞ்சம் தெளிவாக இருந்தது, இரண்டு நாளில் பழைய பச்சைக்கே வந்துவிட்டது. ஏன் என்பது பிறகுதான் புரிந்தது. தண்ணீரைப் பச்சையாக்குவது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். பாதித் தண்ணீரை வெளியே ஊற்றினால் பாதிச் செல்கள் போகும். மிச்சமிருக்கும் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை பிரிந்தால் போதும், போட்ட உழைப்பு முழுக்க வீண். நல்ல வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் அந்த ஒரு பிரிவுக்கு ஒன்றிரண்டு நாள் போதும். ஃபில்டர் பஞ்சும் இதைப் பிடிக்காது, பஞ்சின் துளையைவிட செல் பல மடங்கு சிறியது.

கடைசியில் அது போனது மூன்று நாள் இருட்டில். விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியைச் சுற்றிலும் கனமான போர்வையைச் சுற்றி, ஒரு கீற்று வெளிச்சம்கூடப் போகாமல் மூடினேன். மீனுக்குச் சாப்பாடு போடவில்லை. ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் மூன்று நாள் பட்டினியை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. காற்றுக்குழாயை மட்டும் ஓடவிட வேண்டும். இருட்டில் பாசி ஆக்ஸிஜன் தராது, எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். செத்த பாசி அழுகும்போதும் ஆக்ஸிஜன் குறையும். போர்வையை எடுத்ததும் பாதித் தண்ணீரை மாற்றியாக வேண்டும், செத்ததெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் கரைந்து கிடக்கிறது. அன்றைக்குத்தான் பல நாள் கழித்து பின்கண்ணாடியைப் பார்த்தேன்.

ஆனால் இருட்டடிப்பு ஒருமுறை செய்கிற வைத்தியம். மறுபடி 14 மணி நேரம் விளக்கு எரிந்தால் பச்சை மறுபடி வரும்.

நம் கையில் இருக்கும் திருகுகுழாய்: விளக்கு

பாசி வளர வெளிச்சம், சத்து இரண்டும் வேண்டும். இதில் சத்தை முழுக்க நிறுத்த முடியாது, மீன் இருக்கும்வரை கழிவு இருக்கும். வெளிச்சத்தை மட்டும் ஒரு குழாயைத் திருகுவது மாதிரி கூட்டலாம், குறைக்கலாம். அதனால் பாசி வந்ததென்று யார் கேட்டாலும் என் முதல் கேள்வி ‘விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது?’ என்பதுதான். பெரும்பாலும் சரியான பதிலே வராது. ‘சாயங்காலம் போடுவோம், அப்புறம் யாராவது அணைப்பாங்க’ என்பார்கள்.

டைமர் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். பாசிக்கென்று விற்கும் எந்த மருந்தையும்விட அந்தச் சின்னப் பெட்டி அதிகம் செய்யும். புதுத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போதும். செடிகள் பிடித்து வளரத் தொடங்கியபின் 8 மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் போகத் தேவையில்லை. மீனுக்கு வேண்டியது பகல் எது இரவு எது என்று தெரிவதுதான், மேலே பளிச்சென்று எரியும் விளக்கு நாம் பார்த்து ரசிப்பதற்கு. நீங்கள் வீட்டில் இருப்பது மாலையில் என்றால் டைமரை மாலை 4 முதல் இரவு 10 வரை வையுங்கள். பகலெல்லாம் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்து பாசிக்கு மட்டும் விருந்து வைப்பானேன்?

நேரத்தோடு அளவும் முக்கியம். விளக்கின் சக்தி அதிகமாக இருந்தால் அதைச் சற்று உயர்த்தி மாட்டலாம், மங்கலாக்கும் வசதி இருந்தால் பாதிக்குக் குறைக்கலாம், மிதக்கும் செடிகளை விட்டு நிழல் உண்டாக்கலாம். ஜன்னலைத்தான் நிறையப் பேர் கணக்கில் சேர்ப்பதில்லை. விளக்கை 6 மணி நேரத்துக்குக் குறைத்துவிட்டு, தினமும் 2 மணி நேரம் நேர் வெயில் தொட்டியில் விழ விட்டால் எதையும் குறைத்ததாகவே ஆகாது. வெயிலின் பிரகாசத்துக்கு முன் தொட்டி விளக்கெல்லாம் அகல்விளக்கு. தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் வெயில் படும் பக்கத்தில் ஒரு கருப்புத் தாளை ஒட்டுங்கள்.

சாப்பாடு எங்கே போகிறது

தொட்டியில் போடும் ஒவ்வொரு சிட்டிகைத் தீவனமும் கடைசியில் தண்ணீரில் கரைகிறது. மீன் தின்றதும் கழிவாகிறது, தின்னாமல் அடியில் விழுந்ததும் அழுகுகிறது. இரண்டிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஃபில்டரிலும் கற்களிலும் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதற்குமேல் அதைத் தின்ன ஆளில்லை. செடி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாம் தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் பாசி எடுத்துக்கொள்ளும். தீவனத்திலிருந்து வரும் பாஸ்பேட்டின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

தண்ணீர் மாற்றுவதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உங்கள் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாராவாரம் கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் நைட்ரேட் ஏறிக்கொண்டே போய் 40-இல் நிற்கும். எப்படியென்றால் 40-இல் கால்பங்கு 10, அது போகிறது, அடுத்த வாரம் அதே 10 திரும்ப வருகிறது. வாராவாரம் பாதியை மாற்றினால் 20-இல் நிற்கும். அதாவது எவ்வளவு மாற்றுகிறோமோ அதைப் பொறுத்து ஒரு மட்டத்தில் போய் நிலைத்துவிடும். குறைய வேண்டுமென்றால் மாற்றும் அளவைக் கூட்ட வேண்டும், அல்லது சேரும் அளவைக் குறைக்க வேண்டும். இரண்டாவது வழி செலவில்லாதது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள், வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே போடாதீர்கள். மீன் முன்னால் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நம்பாதீர்கள், சாப்பிட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தாலும் அப்படித்தான் செய்யும்.

எவ்வளவு மாற்றியும் நைட்ரேட் குறையவில்லை என்றால் குழாய்த் தண்ணீரையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சில இடங்களில் குழாயில் வரும்போதே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும்.

செடி வைத்த தொட்டியில் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது, புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பாசிக்குச் சத்து கிடைக்கக் கூடாதென்று உரத்தை நிறுத்திவிடுவார்கள். முதலில் பட்டினி கிடப்பது செடி. பாசிக்குத் தேவை மிகக் கொஞ்சம், மீன் கழிவிலிருந்தே அதற்குக் கிடைத்துவிடும். செடிக்கு நிறைய வேண்டும். கிடைக்காதபோது பழைய இலைகள் மஞ்சளாகி ஓட்டை விழும், அந்த நலிந்த இலையில்தான் பாசி வந்து உட்காரும். நன்றாக வளரும் இலையில் பாசி பிடிப்பது குறைவு. ஆகவே செடித் தொட்டியில் செடியை நன்றாக வளர்ப்பதே பாதி வைத்தியம். ஹார்ன்வொர்ட், வாலிஸ்நேரியா மாதிரி வேகமாக வளரும் செடிகளைத் தொடக்கத்திலேயே நிறைய வையுங்கள், அழகுக்கு வைக்கும் செடிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சால்வினியா, டக்வீட் போன்ற மிதக்கும் செடிகள் இன்னும் நல்லது. அவற்றின் இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்குப் பஞ்சமில்லை, தண்ணீரிலிருக்கும் சத்தை உறிஞ்சித் தள்ளும். டக்வீடை விட்டால் மட்டும் அப்புறம் அதை ஒழிக்கவே முடியாது, சொல்லிவிட்டேன்.

எந்தப் பாசி என்று பார்க்க

புதுத் தொட்டியில் ஓரிரு வாரத்தில் கல், மணல், இலை எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தூசி மாதிரி படிந்தால் அது டையாட்டம். விரல் பட்டால் உதிரும். இதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம். பெரும்பாலான தொட்டிகளில் ஓரிரு மாதத்தில் தானாகவே போய்விடும், துடைத்துக்கொண்டே இருந்தால் போதும்.

கண்ணாடியில் கரும்பச்சைப் புள்ளிகளாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒட்டியிருப்பது பச்சைப் புள்ளிப் பாசி. பலமான விளக்கில் வரும். அனுபியாஸ் போல மெதுவாக வளரும் இலைகளில் அதிகம். தண்ணீரில் பாஸ்பேட் மிகக் குறைந்தாலும் இது வருவதைச் செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனித்திருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டி என்றால் பிளேடால் வழித்துவிடலாம். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு பட்டால் கீறல் விழும், அதற்கு பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். காந்தத் துடைப்பான் வைத்திருப்பவர்கள் மணல் மட்டத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். நடுவில் ஒரு மணல் சிக்கினால் கண்ணாடி முழுக்க நீளமாக ஒரு கோடு விழும், காலத்துக்கும் அழியாது.

நூல் நூலாகச் செடியைச் சுற்றும் பாசிக்கு ஒரு பழைய டூத்பிரஷ் போதும். அதை உள்ளே விட்டு, நூல்கண்டு சுற்றுவது போல மெதுவாகத் திருகினால் கொத்தாகச் சுற்றிக்கொண்டு வரும். இழுத்தால் செடியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், திருகத்தான் வேண்டும். தண்ணீர் மாற்றும் நாளில் செய்தால் அறுந்து மிதக்கும் துண்டுகளையும் குழாயால் உறிஞ்சிவிடலாம்.

மரக்கட்டை, ஃபில்டர் வாய், இலை ஓரம் ஆகிய இடங்களில் கருப்பாகத் தாடி முளைத்தது போல் இருந்தால் அது கருந்தாடிப் பாசி. பார்க்கக் கருப்பு, ஆனால் இனத்தில் செம்பாசி. ஒரு கொத்தைப் பிய்த்து ஆல்கஹாலில் போட்டு வைத்தால் சிவப்பு தெரியும். பிடிவாதத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. கரியமில வாயு ஏற்றும் தொட்டிகளில் அது ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்தாலும், அடியில் கசடு சேர்ந்த பழைய தொட்டிகளிலும் இதை அதிகம் பார்க்கலாம். பிடித்த இலையை வெட்டி எறிவதுதான் நல்லது. கல், கட்டையை வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, கழுவிப் போடுங்கள். சில நாளில் கருப்பு இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது என்று அர்த்தம். உயிரோடு இருக்கும்போது சீந்தாத இறால்கள் அப்போது வந்து மேயும்.

பாசி என்று நாம் சொல்வதில் ஒன்று பாசியே கிடையாது. நீலப்பச்சை நிறத்தில், ஈரத் துணி விரித்தது போல மணலையும் செடியையும் மூடும், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தாளாக உரிந்து வரும், மூக்கருகே கொண்டுபோனால் சேறு வாடை அடிக்கும். அது சயனோபாக்டீரியா, அதாவது பாக்டீரியா இனம். அதனால் பாசி தின்னும் மீன், இறால் எதுவும் இதைப் பெரும்பாலும் தொடாது. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலைகளில் தொடங்கும். அதில் சில வகைகளுக்கு காற்றிலிருந்து கரையும் நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளத் தெரியும், ஆகவே நைட்ரேட் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும் தொட்டியிலும் வரும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூலையில் ஓட்டம் வரும்படி ஃபில்டரைத் திருப்பி, மேலே சொன்ன மூன்று நாள் இருட்டைக் கொடுங்கள். ஆன்டிபயாடிக் போட்டால் உடனே போகிறது என்பார்கள். உண்மைதான், பாக்டீரியா ஆயிற்றே. ஆனால் ஃபில்டரில் இருப்பதும் பாக்டீரியாதான், அந்த வழிக்கு எடுத்த எடுப்பில் போக வேண்டாம்.

கழுவித் தள்ளிய நாள்

பச்சைத் தண்ணீருக்கு அப்புறம் நான் செய்த பெரிய தவறு இன்னொன்று. ஒரு விடுமுறை நாள், தொட்டியை ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிடுவது என்று இறங்கினேன். கல்லையெல்லாம் தேய்த்து, மணலைக் களைந்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று வரும்வரை பிழிந்தேன். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து மூச்சுவாங்க ஆரம்பித்தன. குழாய்த் தண்ணீரின் குளோரினிலும் என் தேய்ப்பிலும் பாக்டீரியாக்கள் போய்விட்டன, அம்மோனியாவைத் தின்ன ஆளில்லை. இரண்டு மீன்கள் போயின. அடுத்த மாதம் முழுக்க, அதுவரை வராத அளவுக்குப் பாசி வந்தது.

இப்போது தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொள்கிறேன். பஞ்சை அதில் முக்கி மூன்று நான்கு முறை பிழிவேன். வாளித் தண்ணீர் கரும்பழுப்பாகும். பஞ்சு இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அந்தப் பழுப்பில் பாக்டீரியா இருக்கிறது. ஃபில்டர் கழுவும் வாரத்தில் மணலைக் கிளறுவதில்லை. புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகே ஊற்றுவேன்.

பாசிக்கொல்லி மருந்துகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாமிரம் கலந்தவை இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். மற்றவற்றிலும் பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும்போது அம்மோனியா ஏறும், ஆக்ஸிஜன் இறங்கும். பாசி வந்த காரணம் அப்படியே இருக்கும்.

வேலைக்கு ஆள் வைப்பது

பாசி தின்னும் மீன் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘டேங்க் கிளீனர்’ என்று விரல் நீளத்தில் விற்கும் சக்கர் மீன் வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். அது தின்னும் பாசியைவிட போடும் கழிவு அதிகம், அந்தக் கழிவு பாசிக்கு உரம். சீனப் பாசித்தின்னி சின்ன வயதில் ஒழுங்காக மேயும், வளர்ந்ததும் மற்ற மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும்.

நெரைட் நத்தையைத் தயங்காமல் சொல்வேன். பச்சைப் புள்ளிப் பாசியைச் சுரண்டித் தின்பதில் அதற்கு இணையில்லை. அதன் குஞ்சுகள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகாது. கட்டையில் வெள்ளை வெள்ளையாக முட்டை மட்டும் ஒட்டி வைக்கும், அது கண்ணை உறுத்தும். நூல் பாசிக்கு அமானோ இறால். ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ தன் செடித் தொட்டிகளில் பாசிக்காக இதை விட்டுப் பிரபலமாக்கினார், அவர் பெயரே இறாலுக்கு நின்றுவிட்டது. இலை மேல் படியும் மென்மையான பழுப்புப் பாசிக்கு ஓட்டோசின்க்ளஸ் என்ற சின்ன மீன். ஆனால் அதைப் புதுத் தொட்டியில் விடாதீர்கள். கூட்டமாக, கொஞ்சம் பழகிய தொட்டியில் விட வேண்டும். மேய எதுவும் இல்லாவிட்டால் பட்டினியில் செத்துவிடும்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஒரே நாளில் விளக்கைக் குறைத்து, உரத்தை மாற்றி, மருந்தும் போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான் வாராவாரம் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வேன். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நான்கு படத்தை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும்.

இப்போது என் தொட்டியில் முன்கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைக்கிறேன், பக்கக் கண்ணாடிகளை நினைத்தபோது. பின்கண்ணாடியைத் தொடுவதே இல்லை. அங்கே மெல்லிய பச்சை விரிப்பு ஒன்று நிரந்தரமாகப் பிடித்திருக்கிறது. ஆறு ஓட்டோசின்க்ளஸ் மீன்களும் பகலெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு மேய்கின்றன, அவை நகர்ந்த தடம் அடுத்த நாள் கோடு கோடாகத் தெரியும்.